காயாத நீலம்

டிசம்பர் 3, புதன்

மூக்குக் கண்ணாடியை மாற்றலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன இடத்தில் கண்ணுக்குள் காற்றை ஊதி, சொட்டு மருந்து விட்டு, ஒரு பெட்டிக்குள் முகத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். "வெளிச்சப் புள்ளி தெரியறப்பல்லாம் பட்டனை அமுக்குங்க ஐயா" என்றாள் ஒரு பெண். ரொம்ப நேரம் ஒரு புள்ளியும் வரவில்லை. மெஷின் பழுது போலிருக்கிறதே என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். இடது கண் ஏறக்குறையப் போய்விட்டதாம். வலது கண்ணில் நடுவே ஒரு சின்ன ஜன்னல் அளவுக்குத்தான் பார்வை மிச்சமாம். போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்ற வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் அந்த ஜன்னலும் மூடிவிடும் என்றாள். "வீட்ல வேற யாருக்காச்சும் இந்தப் பிரச்சினை இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றேன். அடுத்த முறை வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

முப்பது வருடம் மில்லில் நூல் தரம் பார்த்தவன் நான். ஓடுகிற நூலில் முடிச்சு எங்கே என்று தூர நின்றே சொல்வேன். இந்தக் கண்ணையா குறை சொல்வது? இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயமுறுத்தாமல் யாரையும் அனுப்புவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி கேட்டாள்: "கண்ணாடி மாத்தீட்டீங்ளா?"

"பழசே போதும்னுட்டாங்க" என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வீடு முழுக்க டர்பன்டைன் நாற்றம். சாந்தாமணி ஆடி மாதத்திலிருந்து எண்ணெய் வண்ண ஓவியம் கற்றுக்கொள்ளப் போகிறாள். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துப் போட்டவள், இப்போது தையல் மேஜையைப் பின்னறைக்குத் தள்ளி அதன்மேல் கான்வாஸை நிறுத்தியிருக்கிறாள். தூரிகை எல்லாம் இல்லையாம். சின்னக் கரண்டி மாதிரி ஒரு கத்தியால் பெயின்டை அள்ளி அப்புகிறாள். விரல் மொத்தத்துக்கு மேடு மேடாக நிற்கிறது.

"பக்கத்துத் தெருவுல வீடு கட்டறாங்க. பூச்சு வேலைக்கு ஆள் கேட்டாங்க, அனுப்பட்டுமா?" என்றேன்.

"உங்க மூஞ்சிக்கு மொதல்ல பூசீட்டு அப்புறம் போறனுங்க" என்றாள்.

என்ன படம் என்று கேட்டதற்குப் பனங்காடை என்றாள். எனக்குப் பழசு ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான மூன்றாம் நாள் தாராபுரத்திலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் வந்தோம். அதுவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மின்கம்பியில் மண்ணாங்கட்டி மாதிரி ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. பஸ் நெருங்கியதும் அது சிறகை விரித்தது. அப்படி ஒரு நீலத்தை நாங்கள் இருவருமே அதற்கு முன் பார்த்ததில்லை. "ஐயோ, அதப் பாருங்க!" என்று என் கையைப் பிடித்து உலுக்கிவிட்டு, பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு வீடு வரும்வரை அவள் நிமிரவே இல்லை. அது என்ன பறவை என்று அவளுக்குச் சொல்வதற்காகத்தான் நான் ஊரெல்லாம் விசாரித்தேன். என் பறவைக் கிறுக்கு ஆரம்பித்தது அங்கேதான்.

"பறக்கற மாதிரி வரையறேன். தப்பிருந்தா சொல்லோணும்" என்றாள். சொல்லாமல் விடுவேனா? பறவைப் படத்தில் ஒரு இறகு தப்பாக இருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

டிசம்பர் 11, வியாழன்

நல்ல தண்ணீர் வந்தது. பிடித்து வைத்திருந்த குடத்தில் இடறி, கூடம் முழுக்கத் தண்ணீர். நடக்கிற வழியில் குடத்தை வைத்தால் இப்படித்தான். எப்போதும் அங்கேதான் வைப்பதாகச் சாந்தாமணி சொல்கிறாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்குப் போகும்போது இடது பக்கச் சந்திலிருந்து ஒரு பால் வண்டி வானத்திலிருந்து குதித்த மாதிரி வந்து நின்றது. நூலிழையில் தப்பித்தோம். ஓட்டியவன் என்னைப் பார்த்து, "யோவ் பெரிசு, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று கத்துகிறான். ஹாரன் அடித்தானாம். ஊரில் ஒருத்தனுக்கும் மரியாதை தெரியவில்லை.

சாந்தாமணி பின்னால் உட்கார்ந்தபடி என் சட்டையைப் பிடித்திருந்தாள். வீடு வந்து இறங்கிய பிறகும் பிடியை விடவில்லை. இனிமேல் ஓவிய வகுப்புக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறாளாம். உங்களுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்கிறாள். ரொம்ப நல்லது என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் குளத்துக்குப் போனோம். பொங்கலுக்கு எடுக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு இது ஒத்திகை. எங்கள் பறவைக் குழுவை இப்போது நடத்துவது மெஹருன்னிசா. கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். கெட்டிக்காரி. ஆனாலும் சந்தேகம் என்று வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான். நானும் இன்றுவரை தெரியவில்லை என்று ஒரு பறவைக்கும் சொன்னதில்லை.

பனி மூட்டம் கடுமை. மற்றவர்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். குரலை வைத்தே முக்குளிப்பான், நாமக்கோழி, ஆட்காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஐயா கண்ண மூடீட்டுக்கூடச் சொல்லீருவாருங்க" என்று மெஹருன்னிசா புதிதாக வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. 

டிசம்பர் 25, வியாழன்

உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மொட்டை மாடிக்கு ஏறி இறங்கினேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் தாரணி போனில் பேசினாள். என்னோடு இரண்டு நிமிடம், அம்மாவோடு அரை மணி நேரம். சாந்தாமணி போனை எடுத்துக்கொண்டு துணி காயும் இடத்துக்குப் போய்விட்டாள். நான் பக்கத்தில் போனதும் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கு எதிராக என்னவோ சதி நடக்கிறது.

பனங்காடைக்குத் தலையும் உடம்பும் வந்துவிட்டன. மார்பில் அந்தச் செம்பழுப்பும் மெல்லிய வெள்ளைக் கீற்றுகளும் சரியாக இருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் தெரிகிறது. மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தேன். "அவ்வளவு கிட்டவா?" என்றாள். ஓவியத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

ஜனவரி 1, வியாழன்

புது வருட டைரி. கோடுகளை மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து மேலேயும் கீழேயும் ஓடுகிறது. அடுத்த வருடம் இந்தக் கம்பெனி டைரி வேண்டாம்.

ஜனவரி 4, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டதும் சாந்தாமணி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். இன்றைக்கு அவள் பேச்சில் ஒரு கூச்சம் இருந்தது.

"ஏனுங்க, றெக்க போட்டிருக்கேன். நல்லாப் பாத்துச் சொல்லோணும். ரெண்டு றெக்கையும் ஒரே அளவா இருக்குதுங்ளா? டீச்சர் அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

கிட்டே போய் நின்றேன். எங்கு பார்த்தாலும் நீலம். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். வெளிர்நீலப் பட்டையும் கருநீலப் பட்டையும் கத்தியால் இழுத்து இழுத்து, இறகு இறகாகப் பிரித்து வைத்திருக்கிறாள். மனதாரப் பாராட்டினேன்.

"அளவெல்லாம் கச்சிதம். ரெண்டும் ஒன்னுக்கொன்னு தப்பாது. இந்த இடது றெக்க இருக்குது பாரு, அதோட நுனியில மட்டும் இன்னுங் கொஞ்சம் கருநீலம் ஏத்து. அங்க மங்கலா இருக்குது" என்றேன்.

 கொஞ்ச நேரம் கழித்து, "சரீங்க" என்றாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் விளக்குகிற சத்தமே கேட்கவில்லை. தண்ணீரை ஏன் வீணாக்குகிறாய் என்று சத்தம் போட்டேன். திரும்பி வந்தபோது குரல் கட்டியிருந்தது. மார்கழிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து போன். நல்லவேளை நான்தான் எடுத்தேன். பொங்கல் கழியட்டும் என்று சொல்லிவிட்டேன். இந்த இரண்டு வாரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

ஜனவரி 14, புதன். போகி

சாயங்காலம் காப்புக் கட்டினேன். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் வீட்டின் மூலைகளிலும் செருக வேண்டும். வருடா வருடம் என் வேலை. முடித்துவிட்டுக் கைகழுவும்போது எதிர்வீட்டு ராக்கியப்பன், "ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, கேட்டுக்கு வலது பக்கம் ரெண்டு கொத்து சொருகியிருக்கீங்க, இடது பக்கம் மொட்டையா நிக்குது. அந்தப் பக்கமாப் பீடை வந்தாப் பரவால்லீங்களா?" என்று சிரித்தான். நான் பதில் சொல்வதற்குள் சாந்தாமணி முந்திக்கொண்டாள். "நாந்தானுங்க அந்தப் பக்கத்த உட்டுட்டேன். இவரு பேர்ல ஏன் பழி போடறீங்க?" என்றாள்.

அவள் கொத்தையே தொடவில்லை. எனக்காக எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன், கேட்கவில்லை.

ஜனவரி 17, சனி

இன்று கணக்கெடுப்பு. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

குளக்கரையை முடித்துக்கொண்டு சோளக்காட்டு வழியாக வந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். காலையிலிருந்து எல்லாவற்றையும் அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றாவது முதலில் கண்ணில் பட வேண்டுமே என்று மனசு பரபரத்தது. அப்போது மின்கம்பியில் ஒரு நீலம் அசைந்தது. பைனாகுலரைக்கூட எடுக்கவில்லை. "பனங்காடை! கம்பியில ஒன்னு, றெக்கைய விரிக்குது பாருங்க. எழுதிக்குங்க" என்றேன்.

எல்லோரும் பைனாகுலரைத் தூக்கினார்கள்.  பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

மெஹருன்னிசா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, அது கவருங்க ஐயா. நீல பிளாஸ்டிக் கவர். கம்பியில மாட்டீட்டுக் காத்துல ஆடுது."

"கவர் எனக்குத் தெரியாதா? அதுக்குப் பின்னால உக்காந்திருந்துது. நீங்க பாக்கறதுக்குள்ள பறந்துருச்சு" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றாள். அவள் எழுதிக்கொண்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. சேற்றில் கால் வைத்துவிடக் கூடாது என்று ஒரு பையன் என் முழங்கையைப் பிடித்தான். உதறிவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மெஹருன்னிசா வீட்டுக்கு வந்தாள். நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதக் கூட்டம், குளத்தில் மண் கொட்டுகிறார்கள், கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று என்னென்னவோ பேசினாள். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்பது புரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை.

சாந்தாமணி காபி கொண்டுவந்தாள். படத்தைப் பார்க்கிறேன் என்று மெஹருன்னிசா பின்னறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். என் பனங்காடைப் பேச்சு அவளுக்கு மறந்துபோகட்டும், இந்தப் பனங்காடையைப் பார்க்கட்டும் என்று ஒரு எண்ணம்.

"அக்கா! நெஜமாவே பறக்கற மாதிரி இருக்குதுங்க்கா. இந்த நீலத்த எப்படிப் புடிச்சீங்க?" என்று கொஞ்ச நேரம் வியந்துகொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஆனா ஏனுங்க்கா ஒரு றெக்க மட்டும் வரைஞ்சிருக்கீங்க? இந்தப் பக்கம் பூரா வெறுந் துணியாத்தானே இருக்குது?"



"அது இன்னும் ஆரம்பிக்கலீங்க கண்ணு" என்றாள் சாந்தாமணி. "மொதல்ல இது காயோணும்."

காபியில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டேன். சர்க்கரை டப்பாவைத் திறக்காமலே டம்ளரை மேடையில் வைத்தேன்.

அங்கே சிறகே இல்லை. இல்லாத சிறகு அளவில் கச்சிதம் என்று சொன்னேன். அதன் நுனிக்குக் கருநீலம் ஏற்றச் சொன்னேன். அவள் சரீங்க என்று கேட்டுக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். இரண்டு வாரமாக ஒன்றும் சொல்லாமல் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். நினைக்க நினைக்க வெட்கத்தில் உடம்பு எரிகிறது.

ஆனால் நான் பார்த்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சத்தியமாக அன்றைக்கு இரண்டு சிறகைப் பார்த்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

இரண்டு நாளாக அவள் எதுவும் கேட்கவில்லை. திட்டினாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது கத்துவேன்.

ஜனவரி 23, வெள்ளி

கடைசியில் கேட்டுவிட்டாள். அவரைக்காய் அரிந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல்.

"எப்பங்க ஆஸ்பத்திரிக்குப் போலாம்?"

"எதுக்கு? எனக்கு என்ன கேடு? பரீட்சை வெச்சுப் பாக்கறியா என்னைய? ஒத்தை றெக்கையக் காட்டி ரெண்டுன்னு கேட்டியே, அது என்ன நியாயம்?"

"பரீட்சைதானுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஆடியிலருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். சுவத்தத் தடவிச் சுவிச்சு தேடறீங்க. படியில கால வெச்சுப் பாத்துட்டு எறங்கறீங்க. நேராக் கேட்டா உளுந்து உளுந்து சண்டைக்கு வரீங்க. சரி, படத்தக் காட்டிக் கேட்டா, 'எனக்குத் தெரியல சாந்தா'ன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்த ஒரு வார்த்த வரலீங்களே உங்க வாயிலருந்து."

"டாக்டர்கிட்டப் போயாச்சு. ஒன்னுமில்லைனுட்டாங்க" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

அவள் எழுந்து போய்விட்டாள். அரிவாள்மணை அப்படியே கிடந்தது. தெருவில் இறங்கி நடந்தேன். டீக்கடை வரைக்கும் போனேன், குடிக்காமல் திரும்பினேன். மறுபடியும் போனேன். பின்னறையில் கத்தி கான்வாஸில் உரசுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. இரண்டாவது சிறகை ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

யாரும் படிக்காத டைரியில்கூட நான் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்ததை இன்று எழுதிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்கு இதேதான். பக்கவாட்டில் ஆரம்பித்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. டாக்டரம்மாவிடம் யாருக்கும் இல்லை என்று சொன்னது பொய்.

அப்பாவுக்குக் கண் போனதைவிட அதற்கப்புறம் வீட்டில் நடந்ததுதான் கொடுமை. அவர் வளர்த்த காரி எருமையை விற்றுவிட்டு மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். தம்பிகள் பிரிந்து வேறு வீடு போன பிறகும் சேர்ந்திருப்பதாகவே சொன்னார்கள். மனசு நோகக் கூடாதாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எதிரில் ஜாடையில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு அது தெரிந்துவிடும். யார் பேசினாலும் தலையைத் திருப்பித் திருப்பி, "நெஜமாவா? நெஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கும் எல்லோரும் ஆமாம் என்றே சொன்னார்கள்.

இருட்டுகூட எனக்குப் பெரிதில்லை. ஆபரேஷன் என்று போய்ப் படுத்துவிட்டால் நானும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. காப்புக் கட்டிய அன்றைக்கே எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களே.

ஜனவரி 27, செவ்வாய்

சாந்தாமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து பின்னறை. கடைசியில் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். அந்த இன்னொரு சிறகு வந்துவிட்டதா இல்லையா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பார்த்தேன். இரண்டு சிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கும் இரண்டு தெரிந்ததே! தலையைச் சாய்த்துப் பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன், ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்து நானே, நெஜமாவா, நெஜமாவா என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

சரி, கையால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பழைய சிறகில் விரலை வைத்தேன். மேலே தோல் கட்டிக் காய்ந்திருந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனி வரப்பாக விரலுக்குத் தட்டுப்பட்டது. எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறாள்! அப்படியே தோள், கழுத்து, முதுகு என்று தடவிக்கொண்டே அந்தப் பக்கம் போனேன். மேடு இருந்தது. சிறகு இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் உள்ளங்கையை முழுசாக வைத்து நுனிவரை தடவிவிட்டேன். கை வெண்ணெயில் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அத்தனை மொத்தமாக அப்பினால் காய்வதற்கு மாதக்கணக்காகும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எனக்கு எங்கே ஞாபகம் இருந்தது.

கையை எடுத்தேன். பிசுபிசுவென்று மணிக்கட்டு வரை ஒட்டியிருந்தது. எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் எங்கே பார்த்தாலும் நீலமாகத்தான் தெரிந்தது. டர்பன்டைனில் கையைத் துடைத்துவிட்டுப் எதிர்வீட்டுப் பூனை மேல் பழியைப் போடலாம் என்று நினைத்தேன். அதை எழுதவும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். பாட்டில் எங்கே என்று கான்வாஸைச் சுற்றித் தடவித் தேடினேன். அதுவும் கிடைக்கவில்லை.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"சாந்தா, இங்க வா" என்று கூப்பிட்டேன். "எனக்குக் கண்ணு தெரியல. நா என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு பாத்துச் சொல்லு."

பையைக் கூடத்திலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வாசற்படியில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"ஒன்னும் ஆகலீங்க" என்றாள். "லேசாத்தான் பட்டிருக்குது. உடுங்க."

"பொய் சொல்லாத சாந்தா. இனிமேல் நீ பாத்துச் சொல்றதுதான் எனக்குப் பார்வை. நீயே மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னீன்னா நா எதப் பாக்கறது? எருமை மேய்ச்சலுக்குப் போயிருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லாத. உள்ளதச் சொல்லு."

எருமை எதற்கு வந்தது என்று அவளுக்கு விளங்கியிருக்காது.  ஆனாலும் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"றெக்க போச்சுங்க" என்றாள். "தோள்ளருந்து நுனி வரைக்கும் மொத்தமா வழிச்சுட்டீங்க. ஒரு எறகு மிச்சமில்ல. பழைய றெக்க மேலயும் இழுவீட்டீங்க. நாலு நாள் வேலைங்க! ஈரப் பெயின்ட்ல கைய வெப்பாங்களா யாராச்சும்? நா வர்ற வரைக்கும் பொறுத்துக் கேட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? எதையாச்சும் கேக்கறீங்களா நீங்க? எப்பவாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கீங்ளா?"

நன்றாகத் திட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் திட்டினாள். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பிறகு பழைய ஜாக்கெட் துணியில் டர்பன்டைனைத் தொட்டு என் கையைத் துடைத்துவிட்டாள். ஒவ்வொரு விரலாக. துடைத்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டி, ஜன்னல், ஆபரேஷன், அப்பா.

"எப்ப வரச் சொன்னாங்க?"

"டிசம்பர்லயே."

துடைப்பதை நிறுத்திவிட்டாள். என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் வலித்தது.

"சட்டையப் போடுங்க" என்றாள்.

பஸ்ஸில்தான் போனோம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறது, உருவம் இல்லை. நாளைக்குக் கட்டைப் பிரிப்பார்கள். தாமதமாக வந்ததால் அந்த ஜன்னலும் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். எவ்வளவு என்று பிரித்தால்தான் தெரியும்.

இதை நான் சொல்லச் சொல்லச் சாந்தாமணி எழுதுகிறாள். நான் சொல்வதை அப்படியேதான் எழுதுகிறாளா என்று பார்க்க எனக்கு வழியில்லை. அப்படியேதான் எழுதுகிறேன் என்கிறாள். ஆஸ்பத்திரி இட்லி கல். பக்கத்துக் கட்டில்காரர் ஓயாமல் இருமுகிறார். தாரணி வெள்ளிக்கிழமை வருகிறாள்.

பயமாக இருக்கிறது.

கடைசி வரிய அடிச்சிருன்னு இப்பச் சொல்றாரு. நான் அடிக்கல. உள்ளத உள்ளபடி சொல்லோணும்னு கேட்டவரு இவருதானுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்குது. அதையும் எழுதீட்டு, என்ன எழுதுனேன்னு அவருக்குப் படிச்சுக் காட்டீட்டேன்.

— சாந்தாமணி